"கோஸ் வெல் வித்": எதற்கு எது சேரும் என்று ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவது எப்படி?

அரக்கு நிறப் புடவை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஜாக்கெட் துணி எடுக்க மேட்சிங் சென்டருக்குப் போகிறீர்கள். கடைக்காரர் முந்தானை நுனியை மட்டும் வெளியே இழுத்து, அலமாரியிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து அதன் மேல் வைத்துப் பார்க்கிறார். டியூப் லைட்டில் நிறம் ஏமாற்றும் என்று வாசல்படி வரைக்கும் வந்து வெயிலில் பிடித்துக் காட்டுகிறார். முதலில் அதே அரக்கில் ஒரு துணி. அப்புறம் இலைப் பச்சையில் ஒன்று. "இதுவும் வச்சுப் பாருங்கம்மா, கான்ட்ராஸ்ட்டா எடுப்பா இருக்கும்" என்கிறார்.

இரண்டுமே அந்தப் புடவைக்குப் பொருத்தம்தான். தமிழில் அதோடு பேச்சு முடிந்தது. ஆங்கிலத்தில் முடியாது. அரக்குத் துணியைப் பற்றி "இட் மேட்சஸ் த சாரி" என்று சொல்ல வேண்டும். பச்சைத் துணியைப் பற்றி "இட் கோஸ் வெல் வித் த சாரி" என்று சொல்ல வேண்டும். முதலாவது ஒரே நிறம். இரண்டாவது வேறு நிறம், ஆனால் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகிறது.

துணிக்கடையிலும் ஓட்டலிலும் வேலை பார்ப்பவர்களுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் வாயில் ஒரு நாளைக்கு இருபது முறையாவது வர வேண்டிய தொடர் இது. சாப்பாடு, துணி, நகை, வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்ட் என்று இரண்டு பொருள் பக்கத்தில் வரும் இடமெல்லாம் இது தேவைப்படுகிறது. ஆனாலும் நம்மில் பலர் இதைச் சொல்வதில்லை. "நைஸ்", "சூப்பர்", "குட் மேட்சிங்" என்று சொல்லித் தாண்டிவிடுகிறோம். கடினமான இலக்கணம் எதுவும் இதில் இல்லை. தமிழில் 'பொருந்தும்' என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுவதை ஆங்கிலம் நான்கைந்தாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினை பிடிபட்டால் போதும். படிப்படியாகப் போவோம்.

முதல் படி: 'க்கு' வரும் இடத்தில் 'ஓடு' போட்டு யோசியுங்கள்

"இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி." "பூரிக்குக் கிழங்கு." "இந்தச் சட்டைக்கு அந்த பேன்ட்." தமிழில் ஜோடி சேர்க்கும்போதெல்லாம் 'க்கு' வருகிறது. 'க்கு' என்றால் 'டு' அல்லது 'ஃபார்' என்று பள்ளியில் படித்து வைத்திருக்கிறோம். அதனால் வாய் தானாகவே "சட்னி இஸ் குட் ஃபார் இட்லி" என்று சொல்லிவிடுகிறது. "இஸ் குட் ஃபார்" என்பது நன்மை செய்வதைச் சொல்லும் தொடர். "மில்க் இஸ் குட் ஃபார் சில்ரன்" என்றால் பால் குழந்தைகளின் உடம்புக்கு நல்லது. சட்னியால் இட்லிக்கு அப்படி ஒரு நன்மையும் வரப் போவதில்லை.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஆங்கிலத்தில் சொல்லும் முன் மனதுக்குள் 'இட்லிக்கு' என்பதை 'இட்லியோடு' என்று மாற்றிக்கொள்ளுங்கள். 'ஓடு' என்றால் 'வித்'. "தேங்காய்ச் சட்னி இட்லியோடு நன்றாகச் சேரும்" என்று நினைத்துவிட்டால் ஆங்கில வாக்கியம் அதே உருவில் வந்துவிடும்:

"கோகனட் சட்னி கோஸ் வெல் வித் இட்லி."

இதில் எது முன்னால், எது பின்னால் என்பதையும் கவனியுங்கள். தொட்டுக்கொள்வது முன்னால் வருகிறது. வயிறு நிறைக்கும் பண்டம் 'வித்'துக்குப் பின்னால் வருகிறது. "சால்னா கோஸ் வெல் வித் பரோட்டா." "அவியல் கோஸ் வெல் வித் அடை." திருப்பிச் சொன்னால் தப்பில்லை. ஆனால் பேச்சு எதைப் பற்றி என்பது மாறிவிடும். அடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அதற்கு எது துணை என்று சொல்ல வந்தால், அந்தத் துணையில்தான் வாக்கியம் தொடங்கும்.

'தொட்டுக்க' என்ற நம் சொல்லுக்கு ஆங்கிலத்தில் சரியான ஒற்றைச் சொல் கிடையாது. 'சைட் டிஷ்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் சைட் டிஷ் என்றால் பெரிய தட்டுக்குப் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் வரும் காய்கறி, சாலட், உருளைக்கிழங்கு போன்றவை. சட்னியும் தொக்கும் அதில் சரியாக உட்காராது. "சப்பாத்திக்குத் தொட்டுக்க என்ன?" என்று கேட்க வேண்டும் என்றால் "வாட் கோஸ் வித் சப்பாத்தி?" என்று கேளுங்கள். இயல்பாக இருக்கும்.

இரண்டாம் படி: 'கோ'வா 'கோஸ்'ஸா?

ஒரே பொருள் என்றால் 'கோஸ்'. ஒன்றுக்கு மேற்பட்டவை என்றால் 'கோ'. "பிக்கிள் கோஸ் வெல் வித் கர்ட் ரைஸ்", அதாவது தயிர் சோற்றோடு ஊறுகாய். "ஸ்மால் ஆனியன்ஸ் கோ வெல் வித் பழைய சோறு", அதாவது பழைய சோற்றோடு சின்ன வெங்காயம். 'பழைய சோறு' என்பதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் பெயரை அப்படியே சொல்லிவிட்டு, கேட்டால் விளக்கச் சொல்வேன்.

உடுப்பில் ஒரு சிறு சிக்கல் வரும். ஜீன்ஸ், ட்ரவுசர்ஸ், ஷார்ட்ஸ் எல்லாம் நம் கையில் ஒரே உருப்படி. ஆங்கிலக் கணக்கில் பன்மை. அதனால் "தோஸ் ஜீன்ஸ் கோ வெல் வித் த வைட் ஷர்ட்". இங்கே 'கோஸ்' வராது. 'பேன்ட்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 'பேன்ட்ஸ்' என்றால் நாம் சொல்லும் பேன்ட். இங்கிலாந்தில் அது உள்ளாடை. இரண்டு ஊர்க்காரர்களிடமும் 'ட்ரவுசர்ஸ்' என்று சொன்னால் பிழை வராது.

இரண்டு பொருளையும் 'அண்ட்' போட்டு முன்னாலேயே சொல்லிவிட்டால் 'வித்' தேவையில்லை. அதன் இடத்தில் 'டுகெதர்' வரும்: "இட்லி அண்ட் சட்னி கோ வெல் டுகெதர்." இரண்டு பொருள் என்பதால் இங்கே 'கோ'தான். கேள்வி அல்லாத வாக்கியத்தில் 'வித்' போட்டால் அதற்குப் பின்னால் ஒரு பெயர் கட்டாயம் வர வேண்டும். 'டுகெதர்' போட்டால் அதுவே கடைசி. "கோஸ் வெல் இட்லி" என்று 'வித்'தை விழுங்கிவிடும் பழக்கமும் பலரிடம் உண்டு. வேகமாகப் பேசும்போது அது நேர்கிறது. அந்தச் சின்னச் சொல் விழுந்தால் வாக்கியமே குலைந்துவிடும்.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'கோஸ்' என்பதன் கடைசி ஒலி பாம்பு சீறும் 'ஸ்' இல்லை. தேனீ ரீங்கரிக்கும் ஒலி. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு தெரிய வேண்டும். அதிராவிட்டால் கேட்பவருக்கு வேறு சொல் மாதிரி விழும். 'வெல்' சொல்லும்போது விசில் அடிக்கப் போவது போல உதடு குவிய வேண்டும். மேல்பல் கீழுதட்டைத் தொடக் கூடாது. அழுத்தம் 'கோஸ்' மேலும் 'வெல்' மேலும் விழும். 'வித்' மெலிதாக ஓடிவிடும்.

மூன்றாம் படி: 'கோயிங்' என்று சொல்லாதீர்கள்

இந்தத் தொடரில் தமிழர்களிடம் நான் அதிகம் கேட்கும் பிழை இதுதான். "திஸ் கலர் இஸ் கோயிங் வெல் வித் திஸ் சாரி." காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. 'போகிறான்' என்ற ஒரே சொல் நமக்கு இரண்டு வேலை செய்கிறது. "தினமும் பள்ளிக்குப் போகிறான்" என்பதும் அதுதான்; "அதோ போகிறான் பார்" என்பதும் அதுதான். ஆங்கிலம் முதலாவதற்கு 'கோஸ்' என்றும் இரண்டாவதற்கு 'இஸ் கோயிங்' என்றும் பிரிக்கிறது. ஒரு நிறம் இன்னொரு நிறத்தோடு சேர்வது இந்த நிமிடம் மட்டும் நடக்கிற செயல் இல்லை. நேற்றும் சேர்ந்தது, நாளையும் சேரும். அதனால் 'கோஸ்' மட்டும்தான்.

'இஸ் கோயிங் வெல்' என்று ஆங்கிலத்தில் வேறொரு தொடர் இருக்கிறது. வேலை நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். "த ட்ரெய்னிங் இஸ் கோயிங் வெல்" என்றால் பயிற்சி நன்றாக நடக்கிறது. புடவையைப் பற்றி அப்படிச் சொன்னால் புடவை எங்கே போகிறது என்று கேட்பவர் ஒரு நொடி விழிப்பார்.

நடந்து முடிந்ததைச் சொல்ல 'வென்ட்'. விருந்து முடிந்து கை கழுவிவிட்டு வந்து, சமைத்தவரைப் பாராட்ட இதைவிட நல்ல வாக்கியம் இல்லை: "த மேங்கோ பிக்கிள் வென்ட் ரியலி வெல் வித் த கர்ட் ரைஸ்." 'கோ' எப்படி 'வென்ட்' ஆனது என்று வகுப்பில் எப்போதும் யாராவது கேட்பார்கள். 'வென்ட்' உண்மையில் 'கோ'வின் பிள்ளையே இல்லை. 'வெண்ட்' என்ற பழைய வினைச்சொல்லின் இறந்தகாலமாக இருந்தது, காலப்போக்கில் 'கோ' வீட்டுக்குத் தத்து வந்துவிட்டது. அதனால்தான் இரண்டுக்கும் முகச்சாயல் இல்லை.

இன்னும் முயன்று பார்க்காத ஒன்றை யோசனையாகச் சொல்ல 'வுட்' போடுங்கள். "அ கிரீன் பிளவுஸ் வுட் கோ வெல் வித் திஸ்." பச்சை ஜாக்கெட் இதற்கு நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது என்ற பணிவு அதில் வந்துவிடும். வாடிக்கையாளரிடம் பேசுகிறவர்களுக்கு இந்த வாக்கியம் சோறு போடும்.

நான்காம் படி: கேட்பதும் மறுப்பதும்

கேள்வி மூன்று விதமாக வரும். இது அதோடு சேருமா என்றால் "டஸ் திஸ் ஷர்ட் கோ வித் தீஸ் ட்ரவுசர்ஸ்?" 'டஸ்' வந்துவிட்டால் 'கோஸ்' தன் வாலை அதனிடம் கொடுத்துவிட்டு 'கோ' ஆகிவிடும். இதோடு எது சேரும் என்றால் "வாட் கோஸ் வித் திஸ்?" இங்கே 'டஸ்' வராது. இது எதோடு சேரும் என்றால் "வாட் டஸ் திஸ் கோ வித்?" கடைசியில் 'வித்' தனியாகத் தொங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதுதான் இயல்பான பேச்சு.

மறுப்புக்கு "இட் டஸன்ட் கோ வித் த சாரி." கேள்வியிலும் மறுப்பிலும் 'வெல்' பெரும்பாலும் விழுந்துவிடும். 'வெல்' சேர்த்து "டஸன்ட் கோ வெல் வித்" என்றால் கொஞ்சம் மெதுவாகச் சொன்ன மாதிரி இருக்கும். ஒருவர் ஆசையோடு எடுத்த துணியைப் பற்றிப் பேசும்போது "ஐ டோன்ட் திங்க் இட் கோஸ் வித் த சாரி" என்று தொடங்குவது நல்லது. 'எனக்கென்னவோ சேராத மாதிரி இருக்கு' என்று நாம் சொல்வோமே, அந்தத் தொனி அதில் கிடைக்கும்.

ஐந்தாம் படி: பொருந்தும் என்ற ஒரு சொல், அதற்குள் ஐந்து சொற்கள்

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. இங்கே தடுமாறாதவரை நான் பார்த்ததில்லை.

செருப்பு பொருந்துகிறது, நிறம் பொருந்துகிறது, ஜாதகம் பொருந்துகிறது, மருந்து உடம்புக்குப் பொருந்துகிறது. நமக்கு எல்லாம் பொருத்தம். ஆங்கிலத்தில் பேசும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எது எதோடு பொருந்துகிறது?

அளவு பற்றிய பேச்சு என்றால் 'ஃபிட்'. தோள் இறங்கவில்லை, இடுப்பு பிடிக்கவில்லை என்றால் "இட் ஃபிட்ஸ் மீ". நிறம் கண்றாவியாக இருந்தாலும் ஃபிட் ஆகலாம்.

ஒரு பொருள் ஓர் ஆளுக்கு எடுப்பாக இருக்கிறது என்றால் 'சூட்'. "தட் கலர் சூட்ஸ் யூ." உங்கள் நிறத்துக்கும் முகத்துக்கும் அது நன்றாக இருக்கிறது என்று பொருள். இதிலும் நம் 'க்கு' வந்து தொல்லை கொடுக்கும். "சூட்ஸ் ஃபார் மீ", "சூட்ஸ் டு மீ" எல்லாம் வேண்டாம். 'சூட்ஸ்' முடிந்த உடனே ஆள் வர வேண்டும்.

இரண்டு பொருள்கள் ஒரே நிறமாகவோ ஒரே வடிவமாகவோ இருந்தால் 'மேட்ச்'. ஆங்கிலம் பேசுகிறவர்களும் சில நேரம் 'மேட்ச்'சைத் தளர்வாகச் சொல்வார்கள்தான். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் மனதில் வருவது ஒன்றுபோல் இருப்பதுதான். இதற்கும் பின்னால் 'வித்' தேவையில்லை: "த பிளவுஸ் மேட்சஸ் த சாரி."

வேறு வேறான இரண்டு பொருள்கள் பக்கத்தில் வந்தால் நன்றாக இருக்கின்றன என்றால் நம் 'கோ வித்'.

ஒரே உடுப்பை வைத்து இந்த நான்கையும் பார்த்துவிடலாம். கல்யாணங்களுக்கு வேட்டிக் கரையும் சட்டையும் ஒரே நிறத்தில் செட்டாக விற்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மயில்கழுத்து நிறத்தில் கரை, அதே நிறத்தில் சட்டை. "த ஷர்ட் மேட்சஸ் த பார்டர்." போட்டுப் பார்க்கிறீர்கள், தோளில் சரியாக உட்காருகிறது. "இட் ஃபிட்ஸ் மீ." கண்ணாடியில் பார்த்தால் உங்கள் முகத்துக்கு அந்த நிறம் எடுக்கவில்லை. "இட் டஸன்ட் சூட் மீ." சரி என்று அதைக் கழற்றிவிட்டு சந்தன நிறச் சட்டை ஒன்றைப் போடுகிறீர்கள். கரையின் நிறம் வேறு, சட்டையின் நிறம் வேறு, இருந்தும் அழகாக இருக்கிறது. "திஸ் ஒன் கோஸ் வெல் வித் த பார்டர்." அது உங்கள் முகத்துக்கும் எடுக்கிறது: "அண்ட் இட் சூட்ஸ் மீ." வீட்டில் பீரோவைத் திறந்து நின்றுகொண்டு இந்த ஐந்து வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். துணி கையில் இருக்கும்போது சொன்னது மறப்பதில்லை.

ஐந்தாவது சொல் சாப்பாட்டில் வருகிறது. "கத்திரிக்காய் எனக்கு ஒத்துக்காது" என்கிறோம். சுவை பிடிக்கும், சாப்பிட்டால் அரிக்கும். இதற்கு 'கோ வித்' வராது. ஆங்கிலத்தில் "பிரிஞ்சால் டஸன்ட் அக்ரீ வித் மீ". 'அக்ரீ' என்றால் சம்மதிப்பது என்று மட்டும் படித்தவர்களுக்கு இது விநோதமாகப் படும். நம் 'ஒத்துக்கொள்வது' என்ற சொல்லும் அப்படித்தானே இருக்கிறது? சம்மதத்துக்கும் அதுதான், வயிற்றுக்கும் அதுதான். இரண்டு மொழியும் ஒன்றுபோல் நினைத்த அபூர்வமான இடம் இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே.

இப்போதைய பேச்சில் எல்லாவற்றுக்கும் 'செட் ஆகும்', 'செட் ஆகாது' என்கிறோம். இந்தக் கலருக்கு அது செட் ஆகாது, அந்த வேலை எனக்கு செட் ஆகாது. 'செட்' ஆங்கிலச் சொல்தான். ஆனால் இந்தப் பொருளில் அது நம் ஊர்ச் சொல். "வில் இட் செட்?" என்று ஆங்கிலம் பேசுகிறவரிடம் கேட்டால், சிமென்ட்டோ ஜெல்லியோ இறுகுமா என்று கேட்பதாக எடுத்துக்கொள்வார். தமிழில் பேசும்போது தாராளமாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பேசும்போது 'செட் ஆகும்' என்று வாயில் வந்தால் அந்த இடத்தில் 'கோ வித்'தா 'சூட்'டா என்று பாருங்கள். இரண்டு பொருள் என்றால் முன்னது, ஆள் என்றால் பின்னது. 'காம்பினேஷன்' என்ற சொல்லுக்கு இந்தக் கவலை இல்லை. "இட்ஸ் அ குட் காம்பினேஷன்" எங்கும் செல்லும்.

ஆறாம் படி: 'டு கோ வித்' என்ற சிறிய உருவம்

"இந்தப் புடவைக்கு ஒரு ஜாக்கெட் வேணும்." கடையில் நாம் சொல்வது இப்படித்தான். ஆங்கிலத்தில்: "ஐ நீட் அ பிளவுஸ் டு கோ வித் திஸ் சாரி." 'டு கோ வித்' என்றால் 'இதோடு சேர்கிற மாதிரி'. தோசையோடு சாப்பிட ஏதாவது வேண்டுமா என்று விருந்தாளியைக் கேட்க, "வுட் யூ லைக் சம் சாம்பார் டு கோ வித் தட்?"

'வித்' இல்லாமல் 'டு கோ' என்று மட்டும் சொன்னால் அமெரிக்காவில் அது பார்சல். "டூ காஃபீஸ் டு கோ" என்றால் இரண்டு காபி, எடுத்துக்கொண்டு போக. இங்கிலாந்தில் இதற்கு 'டேக்அவே' என்பார்கள்.

ஏழாம் படி: கூட்டியும் குறைத்தும் சொல்ல

'வெல்' இருக்கும் இடத்தில் 'ரியலி வெல்', 'பெர்ஃபெக்ட்லி', 'பியூட்டிஃபுலி', 'நைஸ்லி' எதுவும் வரலாம். 'குட்' மட்டும் வேண்டாம். "கோஸ் குட் வித்" என்று அமெரிக்கர்கள் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு. எழுத்தில் அது பிழையாகத் தெரியும்.

நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக் கண்ணை உறுத்தினால் 'கிளாஷ்'. "த பிங்க் கிளாஷஸ் வித் த ரெட்." சாப்பாட்டுப் பேச்சில் இது அவ்வளவாக வராது. அங்கே 'டஸன்ட் கோ வித்' போதும்.

ஓட்டலில் வேலை பார்ப்பவர்கள் 'பேர்ஸ் வெல் வித்' என்பதை மெனு கார்டில் பார்த்திருப்பீர்கள். ஜோடி என்ற பொருள்தான். ஆனால் அது அச்சில் வரும் மொழி, ஒயினோடும் சீஸோடும் வருவது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொன்னால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

மேலைநாட்டு விருந்தினர்களுக்குப் பரிமாறுகிறவர்கள் அவர்களுடைய இட்லி சட்னி எது என்று தெரிந்துவைத்திருந்தால் பேச்சு எளிதாகும். இங்கிலாந்தில் வறுத்த மீனுக்கும் சிப்ஸுக்கும் (அங்கே சிப்ஸ் என்றால் நீளமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு) உப்பும் வினிகரும். ஆட்டுக்குட்டி ரோஸ்ட்டுக்குப் புதினா சாஸ், பன்றி இறைச்சிக்கு ஆப்பிள் சாஸ், மாட்டிறைச்சிக்கு ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரை அரைத்துச் செய்த சாஸ். வான்கோழிக்கு கிரான்பெரி. ஸ்கோன் என்ற பன் போன்ற பண்டத்துக்கு ஜாமும் கெட்டியான கிரீமும், கூடவே தேநீர். "மின்ட் சாஸ் கோஸ் வித் லாம்" என்று அவர்கள் சொல்லும்போது, 'பரோட்டாவுக்கு சால்னா' என்று நாம் சொல்வது போலத்தான், அதில் விவாதத்துக்கே இடமில்லை. புதினாச் சட்னியை வைத்துவிட்டு "திஸ் வுட் கோ வெல் வித் த லாம்" என்று ஒருவர் சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு 'கோ ஹேண்ட் இன் ஹேண்ட்'. கைகோத்துப் போவது. "பாவர்ட்டி அண்ட் டிஸீஸ் ஆஃபன் கோ ஹேண்ட் இன் ஹேண்ட்", அதாவது வறுமை இருக்கும் இடத்தில் நோயும் இருக்கும். கட்டுரையிலும் நேர்காணலிலும் இது நன்றாக எடுபடும். சட்டைக்கும் சாம்பாருக்கும் வேண்டாம்.

'சாக் அண்ட் சீஸ்' என்று இங்கிலாந்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு. ஒலி அழகாக இருப்பதால் நல்ல ஜோடி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பொருள் நேர்மாறு. கொஞ்சமும் ஒற்றுமையில்லாத இருவரைச் சொல்வது.

எட்டாம் படி: ஆள் முன்னால் வந்தால் பொருள் மாறும்

"ஐ வில் கோ வித் த கிரீன் ஒன்." இதைப் பச்சை எனக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளர் முன்னால் இன்னும் பத்து நிறங்களை விரித்துப் போட்ட பெண் ஒருவர் எங்கள் வகுப்பில் இருந்தார். அந்த வாடிக்கையாளர் சொன்னது, 'பச்சையையே எடுத்துக்கிறேன்'. பில் போட வேண்டிய நேரம் அது.

வாக்கியத்தின் முன்னால் பொருள் இருந்தால் 'கோ வித்' ஜோடி சேர்ப்பது. ஆள் இருந்தால் ஒன்று தேர்ந்தெடுப்பது, இல்லையென்றால் கூடப் போவது. "ஐ வில் கோ வித் த ஃபிஷ்" என்றால் மீனையே சொல்லிவிடுகிறேன். "ஐ வில் கோ வித் மை சிஸ்டர்" என்றால் அக்காவோடு போகிறேன். பொருள் முன்னால் இருந்தும் ஜோடி இல்லாத இடம் ஒன்று உண்டு. "த ஹவுஸ் கோஸ் வித் த ஜாப்", வேலையோடு வீடும் கிடைக்கும். அங்கே 'வெல்' வராது என்பதை வைத்துக் கண்டுகொள்ளலாம்.

மனிதரையும் மனிதரையும் இந்தத் தொடரால் ஜோடி சேர்க்காதீர்கள். மணமேடையில் நிற்கும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்து "ஷீ கோஸ் வெல் வித் ஹிம்" என்றால், அவளை அவனுடைய சட்டைக்குப் பொருத்தமான கைக்கடிகாரம் போலச் சொன்னதாக ஆகிவிடும். "தே மேக் அ லவ்லி கப்பிள்" என்று வாழ்த்துங்கள். பத்துப் பொருத்தம் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றால் "தே ஆர் அ குட் மேட்ச்". மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகிறார்கள் என்றால் "தே கெட் ஆன் வெல்". அமெரிக்காவில் "தே கெட் அலாங் வெல்".

ஒன்பதாம் படி: பழகும் முறை

மூன்று நாள் போதும். முதல் நாள் முழுக்க அடுக்களை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் தட்டில் இருப்பதில் இரண்டை எடுத்து ஒரு வாக்கியம். ரசமும் அப்பளமும், பொங்கலும் கொத்சும். முதலில் 'வித்' போட்டு, அடுத்து 'டுகெதர்' போட்டு. இரண்டாம் நாள் பீரோ. கேள்வி மட்டும் கேளுங்கள், கண்ணாடியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். மூன்றாம் நாள் வீட்டில் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு கடைப் பேச்சு. ஒருவர் விற்பவர், ஒருவர் வாங்குபவர். எங்கள் வகுப்பில் நாங்கள் பேசிப் பார்ப்பது இது:

"ஐ நீட் அ பிளவுஸ் டு கோ வித் திஸ் சாரி."

"ஷ்யூர், மேடம். டூ யூ வான்ட் ஒன் தட் மேட்சஸ், ஆர் அ டிஃபரன்ட் கலர்?"

"ஐ ஆம் நாட் ஷ்யூர். வாட் கோஸ் வெல் வித் மெரூன்?"

"திஸ் கிரீன் வுட் கோ பியூட்டிஃபுலி வித் இட். ப்ளீஸ் கம் டு த டோர் அண்ட் சீ இட் இன் த டேலைட்."

"ஓ, தே டூ கோ வெல் டுகெதர். பட் டஸ் கிரீன் சூட் மீ?"

"இட் டஸ், மேடம்."

"ஆல் ரைட், ஐ வில் கோ வித் த கிரீன் ஒன்."

கடைசி வரியைக் கேட்டதும் விற்பவராக இருப்பவர் துணியை அளந்து வெட்டுவது போல் கையை அசைக்க வேண்டும். அது எங்கள் வகுப்பின் விதி. இன்னொரு நிறத்தை எடுக்கக் கை அலமாரிப் பக்கம் போனால் எட்டாம் படியிலிருந்து மறுபடியும் தொடங்குவோம்.